மிச்சம் என்ற சொல்லின் இரண்டு பொருள்

தமிழில் ‘மிச்சம்’ என்ற சொல்லுக்கு நாளும் புழங்குகிற இரண்டு பொருள்கள் உண்டு. “குழம்பு மிச்சம் இருக்கிறது” என்றால் உண்டது போக எஞ்சியது. “மாதம் இவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம்” என்றால் செலவு போகச் சேமித்தது. இரண்டும் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே நாளில், ஒரே வாயிலிருந்து வருகின்றன. ஆனால் முதல் மிச்சம் கூடக் கூட இரண்டாவது மிச்சம் குறையும் என்பதை நான் என் நாற்பத்தாறாவது வயதில்தான் உணர்ந்தேன். அதை உணர்த்துவதற்கு என் தாயார் இரண்டு நாட்கள் மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது.

இலக்கியம் பேசுகிற இடத்தில் பழங்குழம்பைப் பற்றி எழுதுவதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் பசியைப் பற்றியும் ஈகையைப் பற்றியும் இவ்வளவு பாடியிருக்கிற ஒரு மொழியின் வாசகர்கள், அடுக்களையில் எஞ்சி நிற்கும் பாத்திரத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் விதித்துவிடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நாங்கள் அடையாற்றில் வசிக்கும் ஐந்து பேர்: அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஒரு வியாழக்கிழமை நள்ளிரவில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவர் துவண்டு விழுந்தார். மருத்துவமனையில் சேர்த்து நீரேற்றினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். “வெளியில் ஏதாவது சாப்பிட்டார்களா?” இல்லை என்றேன். “வீட்டில் மற்றவர்களுக்கு?” யாருக்கும் ஒன்றுமில்லை. “அப்படியானால் இவர் மட்டும் எதையோ சாப்பிட்டிருக்கிறார்” என்றார் அவர்.

மறுநாள் தெளிந்த பிறகு நானே கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “திங்கக்கிழமை வெச்ச எலுமிச்சஞ்சாதம்ப்பா. கொஞ்சந்தான் இருந்துது. தூக்கிப் போட மனசு வரல.”

திங்கட்கிழமை மதியம் கலந்த சோறு, மாலைவரை மேடையில் இருந்து, பிறகு குளிர்சாதனப் பெட்டிக்குள் போய், மூன்று நாள் இருந்து, வியாழக்கிழமை இரவு எல்லோரும் உண்டு முடித்த பிறகு அவருடைய தட்டுக்கு வந்திருக்கிறது. அன்றிரவு நாங்கள் நால்வரும் சூடான தோசை சாப்பிட்டோம். அம்மா தனக்குத் தோசை வேண்டாம், பசியில்லை என்று சொன்னது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் உணவு வீணாவதே இல்லை என்று நான் பல ஆண்டுகளாகப் பெருமை பேசி வந்திருக்கிறேன். வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமை எதன்மேல் நின்றது என்பது மருத்துவமனை நாற்காலியில்தான் விளங்கியது. வீட்டில் உணவு மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. அது குப்பைக்குப் போகாமல் ஒரு முதியவளின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

*

திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தில் ‘மிச்சில்’ என்ற சொல் வருகிறது. விருந்தினரை முதலில் உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்பவனை வள்ளுவர் உயர்த்திச் சொல்கிறார். நாம் கவனிக்க வேண்டியது, அங்கே எஞ்சியதை உண்பவன் இல்லத்தலைவன் என்பதே. எஞ்சியதை உண்பது அவனுடைய அறம், அவனே மேற்கொள்ளும் பெருமை. நம் வீடுகளில் அந்த அறம் எப்படியோ கைமாறிவிட்டது. தலைவன் முதலில் உண்டு எழுந்துவிடுகிறான். பிள்ளைகள் உண்டு எழுந்துவிடுகிறார்கள். கடைசியில் சட்டியைச் சுரண்டி உண்பது வீட்டுப் பெண்ணின் கடமையாகிறது. அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்து நாம் பாராட்டவும் செய்கிறோம்.

அம்மாவின் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் வெறும் குணமாக வந்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தொடங்கிய உணவுப் பங்கீட்டு முறையை இராஜாஜி முதலமைச்சராக இருந்து 1952-இல்தான் விலக்கினார். அம்மா பிறந்தது அதற்குச் சற்று முன்பு. மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதன்முதலில் வெளிவந்த 1951-இல் அரிசி பங்கீட்டில்தான் இருந்தது. புதிதாகக் குடித்தனம் நடத்தப் போகும் பெண்களுக்கு இன்னதற்கு இவ்வளவு என்று அளவு சொல்லிச் சமையலைக் கற்பித்த அந்தப் புத்தகம், அளவு தவறினால் மறுபடி வாங்க அரிசி கிடைக்காத காலத்தில் வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அடுத்த தட்டுப்பாடு அம்மாவின் பதின்பருவத்தில் வந்தது. 1965-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளை உணவைத் துறக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். திங்கட்கிழமை இரவுகளில் உணவு விடுதிகள் அடைக்கப்பட்டன. சென்னை மாகாணத்தில் அரிசிக்கு வரிசையில் நின்ற மக்களின் மனநிலை 1967 தேர்தலில் வெளிப்பட்டது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கம் அந்தத் தேர்தலின் முதன்மையான முழக்கங்களில் ஒன்றாயிற்று. ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு முதலில் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி என்று தொடங்கியது. மந்தைவெளியில் பங்கீட்டுக் கடை வரிசையில் பையோடு நின்ற சிறுமிக்கு, ஒரு கைப்பிடிச் சோற்றைக் குப்பையில் போட அறுபது ஆண்டு கழித்தும் கை வராததில் வியப்பில்லை.

அவரிடம் “இனிமேல் பழையதைச் சாப்பிடாதீர்கள்” என்று சொல்வதால் ஒன்றும் ஆகாது என்பது தெரிந்தது. மிஞ்சும்வரை அவர் உண்பார். ஆகவே மிஞ்சாமல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்.

*

ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஒரு மாதம் கணக்கு எழுதினேன். இரண்டு பத்திகள். முதல் பத்தியில், குப்பைக்குப் போனது. இரண்டாம் பத்தியில், பசியில்லாமல் தின்னப்பட்டது. இந்த இரண்டாம் பத்தியை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. எழுதினால்தான் வீட்டின் உண்மை நிலை தெரியும் என்று தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, வாங்கிய விலையை வைத்து ஒரு மதிப்பும் குறித்தேன்.

முதல் பத்தியில் வந்தவை: கொத்தமல்லி, ஏழு முறை. காய்கறிக்காரர் கொசுறாகத் தருவதால் அதற்கு விலையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் ஏற்கெனவே ஒரு கட்டு உள்ளே அழுகிக்கொண்டிருக்க, இன்னொரு கட்டைக் காசு கொடுத்தும் வாங்கியிருந்தோம். புளித்துப்போன இட்லி மாவு, மூன்று முறை. பாதி நறுக்கி வைத்து மறந்த பூசணி. அடிக்கீரை ஒரு முழுக் கட்டு. பழமுதிர் நிலையத்தில் மலிவு என்று இரண்டு கிலோ வாங்கிய திராட்சையில் முக்கால் கிலோ. காய்ந்த ரொட்டித் துண்டுகள். ஏடு கட்டிப் புளித்த தயிர். இரண்டாம் பத்தியில் வந்தவை பெரும்பாலும் சோறு, சாம்பார், கூட்டு, ஆறிய சப்பாத்தி. உண்டவர் என்ற இடத்தில் இருபத்திரண்டு முறை ‘அம்மா’, ஆறு முறை மனைவி, இரண்டு முறை நான். பிள்ளைகள் பெயர் இல்லை.

மாத முடிவில் முதல் பத்தி 1,640 ரூபாய். இரண்டாம் பத்தி 980 ரூபாய். ஆக 2,620. ஒரு கல்லூரி ஆசிரியரின் வீட்டுக்கு இது மூழ்கடிக்கும் தொகை இல்லை. ஆனால் ஆண்டுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. நூல்கள் வாங்க ஆண்டுக்கு அவ்வளவு செலவிட மனம் வந்ததில்லை எனக்கு.

இது எங்கள் வீட்டின் தனிக் கோளாறு இல்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் கடைகளின் பங்கு 13.1 கோடி டன். உணவு விடுதிகளும் விருந்துகளும் 29 கோடி டன். வீடுகள் 63.1 கோடி டன், அதாவது அறுபது விழுக்காடு. “கல்யாண மண்டபத்தில் இலையோடு மூடி எறிகிறார்களே, அதைப் பேசுங்கள்” என்று இதைப் படிக்கும் நண்பர் ஒருவராவது சொல்வார். அதையும் பேச வேண்டியதுதான். ஆனால் மண்டபத்தில் நம் கண்ணுக்கு முன் ஒரே நாளில் குவிவதால் அது பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் நாளுக்கு ஒரு கரண்டியாகப் போவதால் தெரிவதில்லை.

இந்தியாவில் வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது. உலகச் சராசரி 79 கிலோ. இந்தக் கணக்கில் தோல், எலும்பு, கொட்டை போன்ற உண்ண முடியாதவையும் அடங்கும். வாழைக்காய்த் தோலையும் முருங்கைச் சக்கையையும் நீக்கிப் பார்த்தால் நம் எண் இன்னும் குறையும். அதற்காக ஆறுதல் கொள்ளவும் முடியாது. 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் இந்திய நகர்ப்புறக் குடும்பங்களின் செலவில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு உணவுக்கே போகிறது. சம்பளத்தில் இவ்வளவு பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும் பொருளில் கசிவு சிறிதாக இருந்தாலும் அது சிறிய கசிவாகாது.

*

நோட்டைப் பார்த்தபோது காரணங்கள் தாமாகத் தெரிந்தன.

முதலாவது, நாங்கள் வீட்டில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமைத்தோம், உண்ணப் போகிறவர்களின் எண்ணிக்கைக்குச் சமைக்கவில்லை. பெரியவனுக்குப் புதன்கிழமை தனி வகுப்பு, திரும்பும்போது நண்பர்களோடு வெளியே உண்டுவிடுகிறான். எனக்குக் கல்லூரியில் கூட்டம் இருந்தால் அங்கேயே மதிய உணவு. சில இரவுகளில் சின்னவள் கைப்பேசியில் எதையாவது வரவழைக்கிறாள். அது வாசலுக்கு வரும்போது அடுக்களையில் நான்கு பேருக்கான கூட்டு இருக்கிறது. இவையெல்லாம் முன்னமே தெரியக்கூடியவைதான். சமைப்பவரிடம் யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, பாத்திரம். எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை, அம்மா ஒன்பது பேருக்குச் சமைத்த காலத்தது. அதில் அளவாக அரிசி போட்டால் பானை காலியாக இருப்பதுபோல் கண்ணுக்குத் தோன்றும். கை தானாக இன்னொரு ஆழாக்கைச் சேர்க்கும்.

மூன்றாவது, அச்சம். திடீரென்று யாராவது வந்துவிட்டால்? போதாமல் போய்விட்டால்? விருந்தினர் வந்து சோறில்லாமல் நிற்பதைவிட அவமானம் வேறில்லை என்று பழகிய வீடுகள் நம்முடையவை. ஆனால் அடையாற்றில் சொல்லாமல் சாப்பாட்டு வேளைக்கு வருகிற விருந்தினர் கடைசியாக எப்போது வந்தார் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வராத விருந்தினருக்காக நாள்தோறும் ஒரு ஆழாக்கு அரிசி வெந்துகொண்டிருந்தது.

நான்காவது, குளிர்சாதனப் பெட்டி. இந்தியாவிலேயே செய்த முதல் பெட்டியைக் கோத்ரெஜ் நிறுவனம் 1958-இல் கொண்டுவந்தது. நம் நடுத்தர வீடுகளுக்குள் அது பரவலாக நுழைய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்பு, மிஞ்சியதை என்ன செய்வது என்பதை அன்றிரவே முடிவு செய்தாக வேண்டும். சோற்றில் நீரூற்ற வேண்டும். குழம்புகளைச் சேர்த்துச் சுண்டவைக்க வேண்டும். மறுநாள் வெயிலில் சோற்றைப் பிழிந்து வற்றலாக்க வேண்டும். ஒவ்வொரு மிச்சத்துக்கும் அடுத்த வடிவம் ஒன்று இருந்தது, அந்த வடிவத்துக்கு ஒரு பெயரும் சுவையும் இருந்தன. பெட்டி வந்த பிறகு முடிவு தள்ளிப்போடப்படுகிறது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி உள்ளே தள்ளினால் மனம் அமைதி அடைந்துவிடுகிறது. தூக்கி எறியவில்லை அல்லவா? நான்கு நாள் கழித்து எறியும்போது, கெட்டுப்போனதை எறிகிறோம் என்ற நியாயமும் கிடைத்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழைய முறைகளைப் போற்றும் ஆர்வத்தில், எந்த மிச்சமும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. சமைத்த சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் வேகும்போதும் சாகாமல் தப்பிவிடும். சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. மாலைவரை மேடையில் இருந்துவிட்டுப் பெட்டிக்குள் போன எலுமிச்சஞ்சோறு அம்மாவுக்குச் செய்தது அதுவாகத்தான் இருக்கும் என்றார் மருத்துவர். மிஞ்சியதை வைக்க வேண்டுமென்றால் ஆறியவுடன், இரண்டு மணி நேரத்துக்குள், சிறிய பாத்திரங்களில் உள்ளே வைத்து, மறுநாளே உண்டுவிட வேண்டும். வியாழக்கிழமைவரை காத்திருக்கும் திங்கட்கிழமைச் சோறு சிக்கனம் இல்லை. எங்களுக்கு வந்த மருத்துவமனைச் செலவு, நான் நோட்டில் எழுதிய தொகையின் பல மடங்கு.

*

“மிஞ்சினால் யாருக்காவது கொடுத்துவிடலாமே” என்பது அடுத்து வரும் பதில். நாங்களும் கொடுத்து வந்தோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரிடம் ஒரு நாள் காலையில் முந்தைய இரவின் கூட்டை நீட்டியபோது, அவர் வாங்காமல் சிரித்துக்கொண்டே சொன்னார்: “வேணாம் சார். எங்க வீட்லயே நேத்து வெச்சது இருக்குது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மிச்சத்துக்கு அவருடைய வீடு ஒரு கிடங்கு என்று நாங்களாகவே வைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் ஓர் அடுக்களை இருக்கிறது, அங்கும் மிஞ்சுகிறது, அதை என்ன செய்வது என்று அவரும் யோசிக்கிறார் என்பது எங்கள் நினைப்பிலேயே இல்லை.

அன்று வகுப்பில் மணிமேகலை நடத்திக்கொண்டிருந்தேன். அமுதசுரபி என்றதும் நம் நினைவுக்கு வருவது மணிமேகலையும் காயசண்டிகையின் பசியும்தான். அந்தப் பாத்திரத்தை அவளுக்கு முன்பு வைத்திருந்த ஆபுத்திரனின் கதையை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மதுரையில் சிந்தாதேவியிடம் பாத்திரத்தைப் பெற்று அவன் பசித்தவர்களுக்கெல்லாம் சோறிடுகிறான். அவனை மதியாத சினத்தில் இந்திரன் பாண்டிநாட்டில் மழையைப் பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது. பசித்தவர் யாரும் இல்லை. கையில் வற்றாத பாத்திரத்தோடு ஆபுத்திரன் ஊர் ஊராகச் சென்று உண்பாரைத் தேடுகிறான். எள்ளலே மிஞ்சுகிறது. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் தனியே விடப்படுகிறான். பலரின் பசி தீர்க்க வந்த பாத்திரத்தை வைத்துத் தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர் வாழ்வதா என்று, அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

பல முறை நடத்திய பகுதிதான். அன்று வேறாகத் தெரிந்தது. உணவு எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் அறமாகாது. எதிரே பசி இருக்க வேண்டும். பசியைத் தேடிச் சென்றவன் ஆபுத்திரன். நாமோ நம் மிச்சத்துக்கு ஒரு வாயைத் தேடுகிறோம். அந்த வாய் வீட்டில் அம்மாவாகவும் வாசலில் வேலைக்கு வருபவராகவும் அமைந்துவிடுகிறது. இதை ஈகை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது.

கொடுப்பதில் மரியாதையைக் காப்பாற்றிய முயற்சிகளும் இங்கேயே உண்டு. எங்களுக்குப் பக்கத்தில் பெசன்ட் நகரில் 2017 ஆகஸ்டில், பல் மருத்துவர் ஈசா பாத்திமா ஜாஸ்மின் ஒரு பொதுக் குளிர்சாதனப் பெட்டியை நிறுவினார். ஔவையாரின் ஆத்திசூடியிலிருந்து அதற்குப் பெயர் எடுத்திருந்தார். வைக்க விரும்புகிறவர் வைக்கலாம், தேவைப்படுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை, கொடுப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் பெருமை அதில்தான் இருக்கிறது. வள்ளலார் 1867-இல் வடலூர்த் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறதே, அங்கும் பசித்து வருபவருக்கென்றே உலை வைக்கப்படுகிறது. எவர் வீட்டிலோ எஞ்சியது அங்கே படைக்கப்படுவதில்லை. கொடுக்க விரும்பினால் அதற்கென்று சமைத்துக் கொடுக்கலாம், அல்லது மிஞ்சியது அன்றே, நாமே விரும்பி உண்ணும் நிலையில் இருக்கும்போது கொடுக்கலாம். நான்காம் நாள் டப்பாவைக் கொடுப்பது நம் குற்றவுணர்ச்சியை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பது.

கொடுக்காமல் எறிந்தால் அது எங்கே போகிறது என்பதும் நமக்குத் தெரியும். பல பத்தாண்டுகளாகத் தென்சென்னையின் குப்பை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில், பெருங்குடிக் கிடங்கில் போய்க் குவிந்தது. அந்தச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. உலகமே காக்க வேண்டிய நீர்நிலை என்று பெயர் பெற்ற இடத்தின் ஓரத்தில், நாம் வாங்கி, கழுவி, நறுக்கி, தாளித்து, உண்ணாமல் விட்டவை மட்கி மீத்தேனை வெளியிட்டிருக்கின்றன.

*

என்ன செய்தோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிதாக எதுவும் இல்லை.

இரவு உணவுக்குப் பின், நாளைக்கு யார் எந்த வேளை வீட்டில் உண்கிறார்கள் என்று கேட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டியில் குறிக்கிறோம். இது என் வேலை. பெரிய பானையைப் பரணில் ஏற்றிவிட்டுச் சிறியது ஒன்று வாங்கினோம். மதியத்துக்கு நான்கு ஆழாக்காக இருந்த அரிசி இரண்டரை ஆயிற்று. போதாவிட்டால் அவல் இருக்கிறது, இருபது நிமிடத்தில் உப்புமா கிளறலாம். வார இறுதியில் மொத்தமாகக் காய் வாங்குவதை நிறுத்தி, தெருவில் வரும் வண்டியில் கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்குகிறோம். கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் கூடத்தான். ஆனாலும் அழுகாத கால் கிலோ, அழுகிய ஒரு கிலோவைவிட மலிவு. மிஞ்சியதற்குக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டு மட்டுமே இடம். அந்தத் தட்டு நிறைந்திருந்தால் அன்று புதிதாகக் குழம்பு வைப்பதில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோரும் அதை உண்கிறோம், பிள்ளைகள் உட்பட. முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. இப்போது இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், குறைந்திருக்கிறது.

இது ஒன்றும் நம்மால் முடியாத ஒழுக்கம் இல்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழக அரசு சென்னையின் நியாயவிலைக் கடைகள் சிலவற்றில் 60 ரூபாய்க்கு விற்றதே, நினைவிருக்கிறதா? அந்த மாதம் உங்கள் வீட்டில் ஒரு தக்காளியாவது அழுகியதா? எங்கள் வீட்டில் இல்லை. எண்ணி வாங்கினோம், எண்ணி நறுக்கினோம். விலை ஏறியபோது தானாக வந்த கவனம், விலை இறங்கியதும் போய்விட்டது. தென்கொரியாவில் 2013 முதல் வீட்டு உணவுக்கழிவுக்கு அளவைப் பொறுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். கழிவுக்கு ஓர் எண் ஒட்டிக்கொண்டால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் அதன் உட்பொருள். கட்டணம் விதிக்காத ஊரில் அந்த எண்ணை நாமே எழுதிக்கொள்ளலாம். நாற்பது பக்க நோட்டுப் போதும்.

இதைப் படிப்பவர்களில் மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடி தெரிகிற வீட்டாரும் இருக்கலாம். அவர்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. அவர்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள். நான் பேசுவது என்னைப் போன்றவர்களிடம். சம்பளம் வருகிற, பெட்டி நிறைந்திருக்கிற, வீணாக்குவதில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிற வீடுகளிடம். உங்கள் வீட்டில் மிஞ்சுவதை யார் உண்கிறார் என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சேமிப்பு அதற்குப் பிறகு தானாக வரும்.

ஆறாவது மாதக் கணக்கில் எங்களுடைய முதல் பத்தி 540 ரூபாய், இரண்டாம் பத்தி 80 ரூபாய். மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம்.

சென்ற வாரம் ஒரு நாள் இரவு தோசை. அம்மா வழக்கம்போல் எல்லோரும் உண்டு முடிக்கக் காத்திருந்தார். பிறகு எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மேல்தட்டைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. சற்று நேரம் கதவைப் பிடித்தபடி நின்றார். “என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல” என்று கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “எனக்கும் ரெண்டு தோச வாத்துடச் சொல்லு.”

நான்தான் எழுந்துபோய் வார்த்தேன்.